வாசலில் கூப்பிடும் பெயர்

அசிலோவில் இப்போது எல்லாம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. பிள்ளை சாப்பிட்டதா, தூங்கியதா, யார் கூட்டிக்கொண்டு போனது என்று ரீச்சர்மார் விரலால் தட்டுகிறார்கள். மறுநிமிடம் தாயின் தொலைபேசி சிணுங்குகிறது. போன மாதம் அங்கே வேலை செய்யும் சோனியா எனக்கு அழைப்பெடுத்தாள். பலெர்மோவில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை. தமிழை இத்தாலிய ராகத்தில் இழுத்து இழுத்துக் கதைப்பாள்.

“அன்ரி, பழைய கொம்பியூட்டரை எறியப் போகினம். நீங்கள் செய்த புரோகிராம் அதுக்குள்ளை இருக்காம். உங்களுக்கு வேணுமோ?”

“எனக்கென்னத்துக்கு? இஞ்சை வைக்க இடமில்லை.”

“அப்ப அது எப்பிடி வந்தது எண்டு எழுதியெண்டாலும் தாங்கோவன். இப்ப வேலைக்கு வந்த ஆக்களுக்கு ஒண்டும் தெரியாது.”

வைக்க இடமில்லை என்று வாய்தான் சொன்னது. பேசி முடித்த பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. “என்ன, ஆள் இஞ்சை இல்லைப் போலை கிடக்கு” என்று வீட்டுக்காரர் பகிடி பண்ணினார். உண்மைதான், நான் அங்கே இல்லை. பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில் அந்தப் பழைய வீட்டின் முதல் மாடியில் இருந்தேன். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அந்த அறைகளுக்காக மனம் இப்படி ஏங்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அசிலோ என்றால் குழந்தைகள் காப்பகம். எங்கள் ஆட்கள் யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை. அது பல்லரோ சந்தைக்குப் பின்பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தது. தொண்ணூறுகளில் வாடகை மலிவு என்று எங்கள் சனம் அந்தப் பக்கம் நிறைந்திருந்தது. தாய்மார் விடிய எழும்பி சிஞ்ஞோராமாரின், அதுதான் இத்தாலிய எசமானிமாரின், வீடுகளுக்குத் துடைக்கவும் சமைக்கவும் போவார்கள். போகிற வழியில் பிள்ளையை அசிலோவில் விட்டுவிட்டுப் போவார்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகளும் இருந்தன. ஆனால் எங்களுடையதுகள்தான் அதிகம், சத்தம் போடுவதும் அதுகள்தான்.

நான் கொம்பியூட்டர் படித்தது யாழ்ப்பாணத்தில், கடை ஒன்றின் மேல்மாடியில். கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் படித்தவள் என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் பகிடி பண்ணுவார். ஜெனரேற்றர் ஓடினால் திரையைப் பார்ப்போம்; எண்ணெய் முடிந்தால் கொப்பியில் புரோகிராம் எழுதுவோம், மாஸ்டர் சிவப்புப் பேனையால் திருத்துவார். பலெர்மோவுக்கு வந்த பிறகு அந்தப் படிப்பு ஒரு மூலையில் கிடந்தது. கையில் துடைப்பமும் வாளியும் இருந்தன. அசிலோவுக்கு நான் போனதும் நிலம் கழுவத்தான்.

நிர்வாகியின் பெயர் சிஞ்ஞோரா மிம்மா. ஐம்பது வயதைத் தாண்டிய மெலிந்த மனுஷி. கழுத்தில் சாவிக்கொத்து தொங்கும். குரல் மட்டும் ஆளைவிட இரண்டு மடங்கு. சந்தையில் மீன் விற்கிறவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் நான் வாளியோடு உள்ளே போனபோது, எங்கோ ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த கொம்பியூட்டரை அவ உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தா. அவ சொன்னவற்றை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். அவவின் சிசிலியப் பேச்சுக்கு அதுதான் பொருத்தம்.

“சிஞ்ஞோரா, அடிச்சால் அது வேலை செய்யாது” என்றேன்.

“இவ்வளவு காலமும் எனக்கு எல்லாம் அடிச்சுத்தான் வேலை செய்தது” என்றா. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தா. “உமக்கு இது தெரியுமோ?”

ஓம் என்று சொன்னது என் வாழ்க்கையை மாற்றிய ஓம். அடுத்த கிழமை வாளியை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள்.

அவவிடம் ஏற்கெனவே யாரோ கொடுத்த புரோகிராம் ஒன்று இருந்தது. அது பிள்ளைகளின் வரவை மட்டும் எண்ணும். சிஞ்ஞோரா மிம்மாவுக்கு எண்ணிக்கை போதாது. காலையில் பிள்ளையை வாங்கும்போது அவ செய்கிறதைப் பார்த்தால்தான் ஏன் போதாது என்று விளங்கும். முதலில் புறங்கையால் நெற்றியைத் தொடுவா. பிறகு தாயிடம் மூன்று கேள்வி: சாப்பிட்டதா, தூங்கியதா, வயிறு போனதா. நான்காவது கேள்வி பிள்ளையிடம்: “இண்டைக்கு என்ன கொண்டு வந்தனீர்?” பிள்ளை பொத்தின கையைத் திறந்து காட்டும். பொத்தான், கடலை, பஸ் ரிக்கெற், எதுவாகவும் இருக்கும். அதற்கும் புரோகிராமில் ஓர் இடம் வேண்டும் என்று நின்றா.

“அதை ஏன் சிஞ்ஞோரா பதிய வேணும்?”

“பின்னேரம் அதைக் காணேல்லை எண்டு பிள்ளை அழுதால், எதைத் தேடுறது எண்டு எனக்குத் தெரிய வேணும்.”

இப்படித்தான் அந்தப் புரோகிராம் வளர்ந்தது. மதியம் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துத் தூங்கும் நேரத்தில்தான் நான் அதை எழுதுவேன். சன்னல் கதவுகள் சாத்தியிருக்கும். சந்தை இரைச்சல் தூரத்தில் கேட்கும். விசைப்பலகையில் மெல்லத் தட்ட வேண்டும். தட்டல் கூடினால் ஏதாவது ஒரு பிள்ளை புரளும். அந்த அமைதியைப் பிறகு எங்கேயும் நான் காணவில்லை. இப்போது என் வீடும் மதியத்தில் அமைதிதான். ஆனால் புரண்டு படுக்க யாரும் இல்லாத அமைதி அது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அனுமதிப் படிவத்தில் முதல் பெட்டி ‘நோமே’, அதாவது பிள்ளையின் பெயர். இரண்டாவது ‘கொஞ்ஞோமே’, குடும்பப் பெயர். எங்கள் ஆட்களோ அரிச்சுவடி எழுதின நாள் முதல் தகப்பன் பெயரை முன்னுக்கு எழுதிப் பழகினவர்கள். முதல் பெட்டியைக் கண்டதும் கை தன்பாட்டில் தகப்பன் பெயரை எழுதியது. இரண்டாவதில் பிள்ளையின் பெயர். இத்தாலியர்களுக்கு எது யாருடைய பெயர் என்று எப்படித் தெரியும்? முதல் பெட்டியில் இருந்ததைக் கொண்டே பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள்.

அதனால் எங்கள் நாட்பதிவுகளை வாசித்தால் ஏதோ கிராமச் சங்கக் கூட்டம் நடந்த மாதிரி இருக்கும். கனகரத்தினம் காலையில் பால் குடிக்க மறுத்தார். சிவஞானம் பொன்னம்பலத்தைக் கடித்துவிட்டார். நடராசாவுக்கு இரண்டாம் தரமும் காற்சட்டை மாற்றப்பட்டது. தட்டச்சுச் செய்யும்போது சிரிப்பை அடக்க முடியாது. வீட்டுக்காரரிடம் சொல்லி இருவரும் வயிறு நோகச் சிரிப்போம்.

சிரித்தோமே தவிர ஒருவரும் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை. ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது சிக்கல் வரும் என்று எல்லோருக்கும் பயம். எனக்கும்தான். பிள்ளைகளும் பழகிவிட்டன. அசிலோவில் சிவஞானம், வீட்டில் சுஜி. இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தன.

ஒருவன் மட்டும் பழகவில்லை. அவன் பெயர் மயூரன், வயது மூன்று. தாய் வசந்தி. அவவின் கணவர் இருவரையும் முகவர் மூலம் முதலில் அனுப்பிவிட்டு, தான் வேறு வழியால் வருவதாகச் சொன்னவர். கெய்ரோவில் இருந்து ஒருமுறை தொலைபேசியில் கதைத்தார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தாயும் மகனும் தூரத்துச் சொந்தக்காரர் நாலைந்து பேரோடு ஒரு வீட்டில் இருந்தார்கள். தொடக்கத்தில் அந்த வீட்டு ஆட்கள் பையனைத் தூக்கி வைத்துக்கொண்டு “தவராசாவின்ரை மோன் ஆர்?” என்று கேட்பார்களாம். அவன் நெஞ்சில் தட்டி “நான்!” என்பானாம். தவராசா என்றால் அப்பா என்று அவனுக்குத் திட்டமாகத் தெரியும்.

அசிலோவில் ரீச்சர் பீனா சோற்றுக் கிண்ணத்தோடு “தவராயா!” என்று கூப்பிடுவாள். அவர்கள் வாயில் தவராசா அப்படித்தான் வரும். உடனே மயூரன் எழும்பி வாசலுக்கு ஓடுவான். கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பீனா தூக்கிக்கொண்டு வந்து இருத்தினால் சாப்பிட மாட்டான். விளையாடக் கூப்பிட்டாலும் அதே ஓட்டம், மருந்துக்குக் கூப்பிட்டாலும் அதே ஓட்டம். தப்பி ஓடப் பார்க்கிற பிள்ளை என்று நினைத்து சிஞ்ஞோரா மிம்மா கதவுக்கு மேல் கொழுக்கி போட்டா.

ஒரு நாள் மரக்கறிக் கூடைகள் ஏற்றுவதற்காகக் கதவு திறந்திருந்தது. உள்ளே பீனா கூப்பிட்டாள். அவன் படியிறங்கிப் பல்லரோவுக்குள் போய்விட்டான். நாங்கள் நாலு பக்கமும் ஓடினோம். சிஞ்ஞோரா மிம்மாவின் குரல் அன்றைக்குத்தான் அடைத்ததைக் கண்டேன். கடைசியில் ஒரு மீன்காரர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தலைமயிரெல்லாம் மீன் செதில். “ஒவ்வொரு ஆம்பிளையின்ரை முகத்தையும் நிமிர்ந்து நிமிர்ந்து பாக்கிறான்” என்றார்.

அன்று பின்னேரம் சிஞ்ஞோரா மிம்மா கதவைச் சாத்திவிட்டு என்னை இருத்தினா.

“இவன் ஏன் ஓடுறான் எண்டு தெரியாமல் நான் இவனை இஞ்சை வைச்சிருக்க ஏலாது. இவனுக்கு ஒண்டு நடந்தால் அசிலோவையே மூடிப்போடுவினம். தாய்க்கு வேலையும் போகும், எங்களுக்கும் போகும்.”

அவனை வேறு எங்கும் வாங்க மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். அவனை விட ஓர் இடம் இல்லாமல் வசந்தி வேலைக்குப் போக முடியாது. வேலை இல்லாமல் பெர்மெசோ இல்லை. நான் திரையில் அவன் பக்கத்தைத் திறந்தேன். தவராசா என்பது அவனுடைய தகப்பனின் பெயர் என்று சொன்னேன்.

அவ குனிந்து திரையைக் கிட்டப் பார்த்தா. “அப்ப நாங்கள் ஒவ்வொரு நாளும் தகப்பன் வந்திட்டார் எண்டு இவனுக்குச் சொல்லுறம்” என்றா. பீனா கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்க வேண்டும். அவள் அழுத சத்தம் வந்தது. “மற்றப் பிள்ளையளுக்கும் இப்பிடியோ?” என்று சிஞ்ஞோரா மிம்மா கேட்டா. ஓம் என்றேன். “என்ரை கடதாசிப் பேர் தொமேனிக்கா. ஆராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் பொலிஸ் வந்திட்டுது எண்டு நெஞ்சு அடிக்கும். எல்லாத்தையும் மாத்தும்.”

மாற்றினேன். ஒவ்வொரு தாயிடமும் கேட்டு, பெட்டிகளை இடம் மாற்றி, உள்ளே கூப்பிடுவதற்கென்று தனிப் பெயர் வைத்தேன். நடராசா தர்ஷியானாள். பொன்னம்பலம் குட்டிமணியானான். மயூரன் இரண்டு மூன்று நாள் தன் பெயரைக் கேட்டுத் திகைத்தான், பிறகு சிரித்தான். கதவுப் பக்கம் போவது நின்றது. கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். ‘எல்லாம் சாப்பிட்டான்’ என்று பதியும்போது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பரீட்சையில் நான் சித்தியடைந்த மாதிரி இருந்தது.

அந்தக் கிழமை முடிவில் வசந்தி என்னிடம் வந்தா. மெல்லிய குரல்காரி, பார்த்தால் நிலத்தைத்தான் பார்ப்பா.

“அக்கா, கோவிக்காதேங்கோ. ஒண்டு கேக்க வேணும்.”

“சொல்லும் வசந்தி.”

“முந்திக் கூப்பிட்ட பேரை ஏன் நிப்பாட்டினியள்?”

காரணத்தைச் சொன்னேன். பையன் இப்போது எப்படிச் சாப்பிடுகிறான் என்று சொன்னேன். அவ தலையாட்டிக்கொண்டே இருந்தா.

“எனக்கு விளங்குது அக்கா. வீட்டிலை இப்ப ஒருத்தரும் அந்தப் பேரை எடுக்கினமில்லை. நான் வந்தால் கதையை மாத்துகினம். நான் சொல்ல ஏலாது, உங்களுக்குத் தெரியும்தானே. பின்னேரம் இஞ்சை வந்து நிக்கேக்கை சிஞ்ஞோரா பெரிய சத்தமாக் கூப்பிடுவா. ஒழுங்கை முழுக்கக் கேக்கும். அதைக் கேட்டுப்போட்டுப் போனால் இரவைக்கு எனக்குப் போதும்.”

கணவனின் பெயரைப் பெண் சொல்லக்கூடாது, சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்பது எங்கள் வழக்கம். நான் அப்படியொன்றும் நம்புகிறவள் இல்லை. ஆனால் நானும் வீட்டுக்காரரை இன்றுவரை ‘இஞ்சாருங்கோ’ என்றுதான் கூப்பிடுகிறேன். உயிரோடு பக்கத்தில் இருக்கும் மனிதனுக்கே இப்படி என்றால், எங்கே என்று தெரியாத ஒருவருக்கு அவ எவ்வளவு பயந்திருப்பா?

சிஞ்ஞோரா மிம்மாவிடம் சொன்னேன். பிள்ளைக்குக் கூடாதது தாய்க்கு வேண்டியதாக இருக்கிறது, என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அவ பல்கனிக்குப் போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தா.

“காலமை கூப்பிட்டால் வாசல்லை ஒருத்தரும் இல்லை. அதுதான் பிழை. பின்னேரம் கூப்பிட்டால் வாசல்லை ஆள் நிக்கும். ஓடிப் போனால் தாய் நிப்பா. உள்ளுக்கு மயூரன். பின்னேரம் ரெண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடுவம்.”

புரோகிராமில் இன்னொரு பெட்டி திறந்தேன். வாசலில் கூப்பிடும் பெயர்.

அசிலோ விடுகிற முறை இதுதான். சிஞ்ஞோரா மிம்மா மாடிப்படியின் உச்சியில் பெயர்கள் அச்சடித்த தாளோடு நிற்பா. கீழே ஒழுங்கையில் தாய்மார் நிற்பார்கள். பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளை சப்பாத்தோடு வந்து, கம்பியைப் பிடித்து, தானாகப் படியிறங்க வேண்டும். பிள்ளையின் கை தாயின் கைக்குள் போன பிறகுதான் அடுத்த பெயர். எவ்வளவு மழை பெய்தாலும் அந்த ஒழுங்கு மாறாது. “தவராயா மயூரன்!” என்று அவ கூப்பிட்டதும் பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெரிய மனிதர் மேடைக்குப் போகிற மாதிரி இறங்குவான். மற்றத் தாய்மார் முட்டிமோதிக்கொண்டு முன்னுக்கு நிற்க, வசந்தி எதிர்ச்சுவரோடு ஒதுங்கி நிற்பா. பெயர் கேட்டபிறகும் உடனே வர மாட்டா. அந்தச் சத்தம் ஒழுங்கையில் அடங்கும் வரை நின்றுவிட்டுத்தான் வருவா.

எத்தனையோ பின்னேரம் அதைப் பார்த்தேன். சிஞ்ஞோரா மிம்மா இப்போது உயிரோடு இல்லை. மயூரன் லண்டனில் என்று கேள்வி. என்னைக் கண்டால் யாரென்று கேட்பான். பரவாயில்லை. அந்தக் குரல் அந்தப் பெயர்களைக் கூப்பிடுவதை இன்னும் ஒரு பின்னேரம் கேட்கக் கிடைத்தால் நான் நடந்தே போய்விடுவேன். இந்த முழங்கால்களோடு.

கோடை தொடங்கியிருந்த ஒரு காலை. வசந்தி பையனை விட்டுவிட்டு என் மேசைக்கு வந்தா.

“அக்கா, இனி வாசல்லையும் மயூரன் எண்டு மட்டும் கூப்பிடச் சொல்லுங்கோ.”

“ஏன், இப்ப வேண்டாமோ?”

“வேண்டாம் அக்கா. இனிப் போதும்.”

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டா. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனம் கொஞ்சம் ஆறிவிட்டது, கேட்காமலே இரவில் படுக்கப் பழகிவிட்டா என்று நினைத்தேன். பெட்டியில் இருந்த முதற் சொல்லை அழித்துவிட்டு மற்ற வேலையைப் பார்த்தேன்.

பின்னேரம் நானும் படி உச்சியில் நின்றேன்.

“மயூரன்!” என்று கூப்பிட்டா சிஞ்ஞோரா மிம்மா.

அவன் சப்பாத்தோடு வந்தான். முதற்படியில் நின்றான். கம்பியைப் பிடிக்கவில்லை.

“போ ராசா, அம்மா நிக்கிறா” என்றேன்.

“முழுக்கக் கூப்பிடேல்லை” என்றான்.

“என்னவாம்?” என்று சிஞ்ஞோரா மிம்மா கேட்டா. சொன்னேன். அவ தாளைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. “இதிலை இவ்வளவுதான் கிடக்கு.” பையன் அசையவில்லை. பின்னால் மற்றப் பிள்ளைகள் தள்ளத் தொடங்கின.

அப்போது கீழே, எதிர்ச்சுவரில் இருந்து வசந்தி ஒழுங்கையின் நடுவுக்கு வந்தா. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தா. அந்த மெல்லிய குரலுக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது.

“தவராசா மயூரன்! இறங்கி வாங்கோ!”

தவராயா இல்லை. தவராசா. எங்கள் வாயில் வருகிற மாதிரியே, சுத்தமாக.

பையன் சிரித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து இறங்கினான். “என்னை விட வடிவாக் கூப்பிடுறா” என்று சிஞ்ஞோரா மிம்மாவும் சிரித்தா. கீழே நின்ற எங்கள் பெண்கள் அத்தனை பேரும் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். குறைய இனி ஆயுள் இல்லை என்றால்தான் எங்கள் பெண் ஒருத்தி அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லுவாள். ஒருத்தி இடுப்பில் இருந்த பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு வசந்தியிடம் போனாள்.

சிஞ்ஞோரா மிம்மா அடுத்த பெயருக்கு வாயெடுத்தா. நான் அவவின் கையில் இருந்த தாளை மறித்துப் பிடித்தேன். பிறகு அதை விட்டுவிட்டு, மயூரனுக்குப் பின்னால் நானும் படியிறங்கினேன்.